எடையைக் கையில் கொடுத்தும் ‘காணோம்’ என்கிறது ஆர்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் செலவு பற்றிய சர்வே தரவை வைத்துக்கொண்டு, புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல் மொழியான ஆர் மொழியில் மாவட்டவாரியாக ரெக்ரஷன் (ஒரு மாறி இன்னொன்றோடு எப்படி மாறுகிறது என்ற கணக்கு) ஓட்டுகிறீர்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரே கோடைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்க ‘பொருத்து’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதினீர்கள். அதற்கு மூன்று ஆர்குமென்ட், அதாவது உள்ளே அனுப்பும் பொருள்கள்: சூத்திரம், தரவு, எடை (கணக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்பது). உள்ளே இருப்பது, ரெக்ரஷன் போடும் எல்எம் ஃபங்ஷனைக் கூப்பிடும் ஒரே வரி: எல்எம்(சூத்திரம், டேட்டா = தரவு, வெயிட்ஸ் = எடை). கூப்பிட்டதும் ‘எடை என்ற ஆப்ஜெக்ட் இல்லை’ என்று எரர் வந்தது. நண்பர் ஒருவர் சொன்னார் என்று ஃபங்ஷனுக்கு வெளியே, கன்சோலில் (கட்டளைகளை நேராகத் தட்டும் இடம்), முதல் மாவட்டத்தின் எடைகளை ‘எடை’ என்ற பெயரில் வைத்தீர்கள். எரர் போய்விட்டது. முதல் இரண்டு மாவட்டங்கள் ஓடின. மூன்றாவதில் ‘மாறிகளின் நீளம் வேறுபடுகிறது’ என்று மறுபடி எரர். முதல் இரண்டிலும் 120 வீடுகள், மூன்றாவதில் 97. இது ஆர் மொழியின் பிழையா என்று கேட்கிறீர்கள்.

பிழை இல்லை. ஆனால் உங்கள் மூன்றாவது மாவட்டத்தில் 97 வீடுகள் இருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கேயும் 120 இருந்திருந்தால் எல்லாம் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். இரண்டாவது மாவட்டம் அப்படித்தான் ஓடியிருக்கிறது: இரண்டாவது மாவட்டத்தின் வீடுகளுக்கு முதல் மாவட்டத்தின் எடைகளைப் போட்டு. அந்த முடிவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, எடையை ஆர்குமென்டாகக் கையில் கொடுத்தும் எல்எம் ஏன் வெளியே போய்த் தேடியது? அதே வரியில் சூத்திரமும் தரவும் இருக்கின்றன. அவை இரண்டும் ஒழுங்காகக் கிடைத்தன, மூன்றாவது மட்டும் காணோம் என்றால் யாருக்கும் குழப்பம் வரும். இதைப் புரிந்துகொள்ள, ஆர் மொழியில் ஆர்குமென்ட் என்பது என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாம் ஃபங்ஷனுக்கு ஒரு மதிப்பைக் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஆர் மொழியில் நாம் கொடுப்பது மதிப்பு இல்லை, ஒரு சீட்டு. மளிகைச் சீட்டு மாதிரி. அதில் ‘அரிசி ஒரு கிலோ’ என்று எழுதியிருக்கும், கீழே எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பதும் இருக்கும். ஃபங்ஷனுக்கு அரிசி தேவைப்படும் நிமிடத்தில்தான் சீட்டைப் பிரித்து, அந்தக் கடைக்குப் போய் வாங்கும். ஒருமுறை வாங்கிவிட்டால் அதையே வைத்துக்கொள்ளும், மறுபடி கடைக்குப் போகாது. ஆர் மொழிக்காரர்கள் இந்தச் சீட்டை ப்ராமிஸ் என்பார்கள். எழுதியிருக்கும் பொருள் எக்ஸ்பிரஷன், கடை என்பது சூழல், அதாவது என்விரான்மென்ட். தேவைப்படும்போது மட்டும் வாங்குவதைத்தான் சோம்பேறி மதிப்பிடல் என்கிறோம்.

பெரும்பாலான ஃபங்ஷன்கள் சீட்டை இப்படி ஒழுங்காகவே மதிக்கும். சில ஃபங்ஷன்கள் மட்டும் வேறு வேலை செய்யும். சீட்டில் எழுதியிருக்கும் பொருளின் பெயரை மட்டும் படித்துக்கொண்டு, கடைப் பெயரைக் கிழித்துப் போட்டுவிட்டு, தங்களுக்குப் பிடித்த இடத்தில் போய்த் தேடும். எல்எம் அந்த வகை. சப்செட், வித், டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் அந்த வகை.

எல்எம் உள்ளே நடப்பது இதுதான். அது தன்னைக் கூப்பிட்ட வரியை அப்படியே பிடித்து, ஃபங்ஷன் பெயரை மட்டும் மாடல்.ஃப்ரேம் என்று மாற்றி, அந்த வரியை உங்கள் ‘பொருத்து’ ஃபங்ஷனின் சூழலில் ஓட்டுகிறது. மாடல்.ஃப்ரேம், சூத்திரத்தையும் தரவையும் சாதாரண ஆர்குமென்டாகவே நடத்துகிறது. அதனால் அவை இரண்டும் உங்கள் ஃபங்ஷனுக்குள்ளிருந்து கிடைத்துவிடுகின்றன. வெயிட்ஸ், சப்செட், ஆஃப்செட் என்ற ஆர்குமென்ட்கள் விஷயத்தில்தான் கிழிக்கும் வேலை நடக்கிறது. ‘எடை’ என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் தரவின் நெடுவரிசைகளில் தேடும். அங்கே இல்லையென்றால் சூத்திரத்தின் சூழலில் தேடும். உங்கள் ஃபங்ஷனின் சூழல் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. எல்எம் உதவிப் பக்கத்திலும் இது ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அடி வாங்கிய பிறகுதான் அந்த வாக்கியம் எல்லோர் கண்ணிலும் படுகிறது, என் கண்ணிலும் அப்படித்தான் பட்டது.

சூத்திரத்துக்கு ஏது சூழல் என்று கேட்கலாம். டில்டே குறி (~) போட்டு ஃபார்முலா, அதாவது சூத்திரம், எழுதும்போது, அது எந்த இடத்தில் எழுதப்பட்டதோ அந்தச் சூழலை முதுகில் சுமந்துகொண்டே வரும். நீங்கள் ‘செலவு டில்டே வருமானம்’ என்பதைக் கன்சோலில் எழுதி உள்ளே அனுப்பினீர்கள். அதனால் அதன் சூழல் குளோபல், அதாவது கன்சோலில் வைக்கும் பெயர்கள் இருக்கும் பொதுச் சூழல். எல்எம் உங்கள் எடையைக் குளோபலில் தேடியது, இல்லை, எரர். நண்பர் சொன்னபடி குளோபலில் ஒரு எடையை வைத்ததும், கிடைத்ததை எடுத்துக்கொண்டது. அதே ஃபார்முலாவை ‘பொருத்து’ ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதியிருந்தால் அதன் சூழல் உங்கள் ஃபங்ஷனாகவே இருந்திருக்கும், எடையும் கிடைத்திருக்கும், இந்தக் கேள்வியே வந்திருக்காது. நேற்று ஓடிய கோட் இன்று ஒரு வரியை இடம் மாற்றியதும் நின்றுபோகிறது என்று பலர் புலம்புவது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உங்கள் ஆர்குமென்டுக்கு ‘எடை’ என்று பெயர் வைக்காமல், எல்எம் வைத்திருக்கும் பெயரையே, வெயிட்ஸ் என்றே வைத்திருந்தால் ‘இல்லை’ என்ற எரர்கூட வராது. ‘க்ளோஷர் என்ற வகை செல்லாது’ என்று ஒரு புரியாத எரர் வரும். தரவில் இல்லை, குளோபலில் இல்லை என்று தேடிக்கொண்டே போய், ஆர் மொழியோடு வரும் ஸ்டேட்ஸ் பேக்கேஜில் வெயிட்ஸ் என்ற பெயரில் இருக்கும் ஃபங்ஷனைக் கண்டுபிடித்து, அதையே எடையாக வைத்துக் கணக்குப் போடப் பார்த்திருக்கும். க்ளோஷர் என்றால் சாதாரண ஃபங்ஷன்தான். அந்த எரரைப் பார்த்தால் ‘எங்கேயோ ஒரு ஃபங்ஷனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

தீர்வுக்கு வருவோம். மூன்று வழி உண்டு. எதுவும் இலவசம் இல்லை.

பலரும் சொல்லும் எளிய வழி, ஃபங்ஷனுக்குள் எடையைத் தரவின் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிட்டு அந்த நெடுவரிசையின் பெயரை வெயிட்ஸுக்குக் கொடுப்பது. எல்எம் முதலில் தேடுவது தரவில்தானே, கிடைத்துவிடும். பெரும்பாலும் இது போதும். ஆனால் யாராவது ஃபார்முலாவின் வலப்பக்கத்தில் ஒற்றைப் புள்ளி வைத்து ‘மீதி எல்லா நெடுவரிசையும்’ என்று எழுதினால், நீங்கள் சேர்த்த எடையும் ஒரு விளக்க மாறியாக மாடலுக்குள் நுழைந்துவிடும். எரரும் வராது.

இரண்டாவது, டூ.கால் வழியாக எல்எம்மைக் கூப்பிடுவது. அப்போது சீட்டுக்குப் பதில் அரிசியே போகிறது. பெயர் போகாமல் 120 எண்களும் நேராகப் போய்விடுவதால், தேட வேண்டிய வேலையே இல்லை. சிக்கல் என்னவென்றால், மாடலைத் திரையில் போட்டுப் பார்க்கும்போது மேலே ‘கால்’ என்ற இடத்தில் அந்த 120 எண்களும், சமயத்தில் தரவு முழுவதுமே கொட்டும். தரவைப் பெயராகவும் எடையை மதிப்பாகவும் கொடுத்தால் கொஞ்சம் குறையும்.

நான் என் கோடில் வைத்திருப்பது மூன்றாவது வழி. சூத்திரத்தின் சூழலுக்குக் கீழே ஒரு குட்டிச் சூழலை நியூ.என்வ் கொண்டு உருவாக்குங்கள். அதன் பேரன்ட் சூத்திரத்தின் பழைய சூழலாகவே இருக்கட்டும். அந்தக் குட்டிச் சூழலில் எடையை, தரவில் இருக்கவே வாய்ப்பில்லாத ஒரு பெயரில் வையுங்கள். நான் புள்ளியில் ஆரம்பிக்கும் பெயராக வைப்பேன். பிறகு சூத்திரத்தின் சூழலை அந்தக் குட்டியாக மாற்றி, வெயிட்ஸுக்கு அந்தப் பெயரைக் கொடுங்கள். மொத்தம் நான்கு வரி. சூத்திரத்தின் சூழலை நேராக உங்கள் ஃபங்ஷனின் சூழலாகவே மாற்றச் சொல்லும் பதில்களும் உண்டு. அதைச் செய்தால் உங்களுக்கு எடை கிடைக்கும். ஆனால் ஃபார்முலாவை எழுதியவர் தன் பக்கத்தில் வைத்திருந்த மாறிகள் கிடைக்காமல் போகலாம். குட்டிச் சூழல் என்றால் இரண்டும் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் எடைகள் சர்வே எடைகள் என்றால், எல்எம் அவற்றுக்கு ஏற்ற இடமே இல்லை. எல்எம் எடை என்று எதிர்பார்ப்பது ஒவ்வொரு அளவீடும் எவ்வளவு துல்லியமானது என்பதை. ஒரு வீடு எத்தனை வீடுகளைப் பிரதிநிதிக்கிறது என்பதை அல்ல. கெழுக்கள் (ரெக்ரஷன் தரும் எண்கள்) சரியாகவே வரும், திட்டப் பிழைகள் (அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்ற அளவு) தவறாக வரும். தாமஸ் லம்லி எழுதிய சர்வே பேக்கேஜில் எஸ்விஒய்ஜிஎல்எம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் பாருங்கள். அதில் எடை முன்பே டிசைன் ஆப்ஜெக்டுக்குள் போய்விடுவதால், நீங்கள் மாட்டிக்கொண்ட இந்தத் தேடல் தொல்லையும் வராது.

இப்போது ‘ஏன் இப்படி வடிவமைத்தார்கள்’ என்ற எரிச்சலுக்கு வருவோம். ஆர் மொழிக்கு இரண்டு தாய்வீடு. ஒன்று, 1976இல் பெல் லேப்ஸில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் தொடங்கிய எஸ் மொழி. கன்சோலில் உட்கார்ந்து தரவோடு பேசுகிறவருக்காக உருவானது அது. அவர் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் முன்னால் தரவின் பெயரை எழுதிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால், பெயரைப் பிடித்துத் தரவுக்குள் தேடும் ஃபங்ஷன்கள் வந்தன. மற்றொன்று ஸ்கீம் என்ற நிரல் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆர் மொழியை உருவாக்கிய ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் எஸ் மொழியின் முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே ஸ்கீமின் விதியைப் போட்டார்கள். ஒரு ஃபங்ஷன் தனக்குள் இல்லாத பெயரை, தன்னைக் கூப்பிட்ட இடத்தில் தேடாது. தான் எழுதப்பட்ட இடத்தில் தேடும். எஸ் மொழியில் அப்படி இல்லை. உள்ளூரில் இல்லையென்றால் நேரே குளோபல்தான், நடுவில் இருக்கும் வெளி ஃபங்ஷனின் மாறிகள் கண்ணில் படாது.

புள்ளியியலுக்கு இந்த விதி பெரிய வரம். தரவை வாங்கிக்கொண்டு, அந்தத் தரவுக்கான லைக்லிஹுட் ஃபங்ஷனை (மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அளப்பது) திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதலாம். அதை, சிறந்த மதிப்பைத் தேடித் தரும் ஆப்டிம் ஃபங்ஷன் கையில் கொடுத்தால் போதும், தரவு அதன் கூடவே போகும். எஸ் மொழியில் தரவைக் குளோபலில் வைத்துவிட்டு யாரும் தொடாமல் இருக்க வேண்டிக்கொள்ள வேண்டும். அதனால் நான் திட்டுவது, பெயரை எங்கே தேடுவது என்ற இந்த ஸ்கோப் விதியை அல்ல. அந்த விதி நேர்மையானது. தொல்லை முழுவதும், சீட்டின் கடைப் பெயரைக் கிழிக்கும் ஃபங்ஷன்களை நாம் இன்னொரு ஃபங்ஷனுக்குள் வைத்துச் சுற்றும்போதுதான்.

அதில் என்னை மிக மோசமாக ஏமாற்றியது, தரவில் வேண்டிய வரிகளை மட்டும் வடிகட்டித் தரும் சப்செட். வருடவாரியாக அறிக்கை தயாரிக்க ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ஆர்குமென்ட்: தரவு, வருடம். உள்ளே: சப்செட்(தரவு, வருடம் == வருடம்). இடப்பக்க வருடம் நெடுவரிசை, வலப்பக்க வருடம் நான் கொடுத்தது என்று என் மனதில். சப்செட் இரண்டையும் தரவிலேயே தேடியது, இரண்டுக்கும் நெடுவரிசையே கிடைத்தது. எல்லா வரியிலும் ஒரு எண் தனக்குத்தானே சமம். எல்லா வருட அறிக்கையிலும் எல்லா வரிகளும். இதைக் கண்டுபிடிக்கத் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. வருடம் விடுபட்ட சில வரிகள் தரவில் இருந்தன. விடுபட்டதை விடுபட்டதோடு ஒப்பிட்டால் விடையும் விடுபட்டதுதான், சப்செட் அதைப் ‘பொய்’ என்று எடுத்துக்கொண்டு அந்த வரிகளைக் கழித்துவிடும். அதனால் வெளியே வந்த வரிகளின் எண்ணிக்கை மொத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. வடிகட்டல் வேலை செய்கிறது என்று நம்பிவிட்டேன்.

சப்செட் உதவிப் பக்கம் இது கன்சோலில் பயன்படுத்துவதற்கான வசதி, கோட் எழுதும்போது சதுர அடைப்புக்குறியையே பயன்படுத்துங்கள் என்று எச்சரிக்கிறது. அதைக் கேளுங்கள். தரவைக் கையாளும் டிப்ளையர் பேக்கேஜைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே பள்ளம் இருக்கிறது. ஆனால் அங்கே கைப்பிடி உண்டு. ‘டாட் டேட்டா’ என்று முன்னால் போட்டால் நெடுவரிசை, ‘டாட் என்வ்’ என்று போட்டால் வெளியே இருக்கும் மாறி. 2019 முதல் இரட்டை நெளி அடைப்பும் இருக்கிறது, அதற்குள் ஆர்குமென்டை வைத்தால் சீட்டு கிழியாமல் அடுத்த ஃபங்ஷனுக்குப் போகும்.

கிழிக்காத, நல்ல பிள்ளையான ஃபங்ஷன்களிலும் சோம்பேறித்தனத்தால் ஒரு சிக்கல் வரும். உங்களுக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும் என்றாவது மாட்டுவீர்கள். சராசரி கணக்கிட ஒரு ஃபங்ஷன், ஆர்குமென்ட் ‘மதிப்புகள்’, இரண்டாவது ‘எண்ணிக்கை’, அதன் டிஃபால்ட் மதிப்புகளின் நீளம். உள்ளே முதல் வரியில் விடுபட்டவற்றை நீக்கி, அதையே மறுபடி ‘மதிப்புகள்’ என்று வைக்கிறீர்கள். அடுத்த வரியில் கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுக்கிறீர்கள். 10 மதிப்பில் இரண்டு விடுபட்டிருந்தால் வகுப்பது 10ஆலா, 8ஆலா? எட்டால். டிஃபால்ட் என்பது ஃபங்ஷன் தனக்கே எழுதிக்கொண்ட சீட்டு. அதன் கடை ஃபங்ஷனின் உட்புறம். அதைப் பிரிப்பதோ வகுக்கும் வரியில், அதற்குள் மதிப்புகள் மாறிவிட்டன. இங்கே தற்செயலாக அது நமக்குச் சாதகம். இப்போது எதையோ சரிபார்க்க ஃபங்ஷனின் முதல் வரியில் எண்ணிக்கையை ப்ரின்ட் செய்து பாருங்கள். சீட்டு அங்கேயே பிரிந்துவிடும், எண்ணிக்கை 10 ஆகிவிடும், சராசரி மாறிவிடும். பிழை தேடப் போட்ட ப்ரின்ட் விடையை மாற்றும் மொழி இது. கூப்பிடுகிறவர் வெளியிலிருந்து எண்ணிக்கைக்கு ஏதாவது எழுதி அனுப்பினால் அந்தச் சீட்டின் கடை கூப்பிட்டவர் சூழல், உள்ளே மதிப்புகள் மாறியது அதைப் பாதிக்காது.

இதன் தம்பி ஒருவன் ஃபார் லூப்பில் இருக்கிறான். ஒரு எண்ணை வாங்கி, அந்த எண்ணைக் கூட்டும் ஃபங்ஷனைத் திருப்பித் தரும் ‘கூட்டி’ ஒன்று எழுதி, 1 முதல் 3 வரை லூப் ஓட்டி மூன்று கூட்டிகளைச் சேமியுங்கள். லூப் முடிந்தபின் முதல் கூட்டியிடம் 10 கொடுத்தால் 11 வராது, 13 வரும். மூன்று சீட்டும் பிரிக்கப்படாமல் கிடந்தன, பிரிக்கும்போது லூப் மாறி 3இல் நிற்கிறது. லூப்புக்குள்ளேயே சோதித்திருந்தால் 11 சரியாக வந்திருக்கும். மருந்து ஒரு வார்த்தை: கூட்டியின் முதல் வரியில் ஃபோர்ஸ் என்று அந்த ஆர்குமென்டைப் பிரிக்கச் செய்வது. பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் எல்அப்ளை முதலான ஃபங்ஷன்களிலும் இதே தொல்லை இருந்தது. 2015 ஏப்ரலில் வந்த 3.2.0 பதிப்பில் அவை தாமே ஃபோர்ஸ் செய்யும்படி மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய பதில்களைப் படித்தால் இதை மனதில் வைத்துப் படியுங்கள். ஃபார் லூப்பில் இன்றும் அப்படியேதான்.

ஃபார்முலா சூழலைச் சுமப்பதால் வரும் இன்னொரு செலவு: ஃபங்ஷனுக்குள் எழுதிய ஃபார்முலாவோடு ஓட்டிய மாடலை ஆர்டிஎஸ் கோப்பாக (ஆர் மொழி ஆப்ஜெக்டைச் சேமிக்கும் கோப்பு) சேமித்தால், அந்த ஃபங்ஷனுக்குள் அப்போதிருந்த எல்லாமும் கூடவே கோப்பில் ஏறும். சின்ன மாடல் ஏன் இவ்வளவு பெரிய கோப்பு என்றால் அதுதான். மாடலைத் திருத்தி மறுபடி ஓட்ட உதவும் அப்டேட் ஃபங்ஷனும் இப்படியே, பழைய வரியைப் புதிய இடத்தில் மறுபடி ஓட்டும். தரவின் பெயர் அங்கே வேறொன்றைக் குறித்தால் வேறு மாடல்தான் வரும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஆர் செஷனை மூடுங்கள், மூடும்போது ஒர்க்ஸ்பேஸைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சேமித்தால் அந்தக் குளோபல் ‘எடை’ நாளைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். புதிய செஷனில், வெளியே எந்த எடையும் இல்லாமல், திருத்திய ‘பொருத்து’ ஃபங்ஷனை மூன்று மாவட்டங்களுக்கும் ஓட்டுங்கள். முதல் மாவட்டத்தின் கெழுக்கள் மாறக் கூடாது, இரண்டாவதன் கெழுக்கள் மாற வேண்டும். அதோடு ஒவ்வொரு மாடலிலிருந்தும் எடைகளை வெளியே எடுத்து (அதற்கான ஃபங்ஷன்தான் முன்பு வழியில் குறுக்கிட்ட அந்த வெயிட்ஸ்) நீங்கள் கொடுத்த எடைகளோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட மதிப்புள்ள வீடுகளை எல்எம் கழித்திருக்கும், அதனால் நீளம் 120ஐவிடக் குறைந்தால் பதற வேண்டாம். அந்த வரிகளை உங்கள் பக்கமும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.